ஐஸ் வியர்க்கும் வரை

மலைக்குப் புறப்படும்போதெல்லாம் பெட்டி அண்ணன் இரண்டு பனியன் எடுத்துக்கொள்வார். ஒன்று உடம்பில், இன்னொன்று பாலிதீன் பையில் சுற்றி சைக்கிள் கேரியரில். கீழே முப்பத்தொன்பது டிகிரி வெயிலில் மிதித்தால் உடம்பில் இருப்பதைப் பிழிந்து ஒரு டம்ளர் நிரப்பலாம். அந்த ஈரத்தோடு கணவாய்க் காற்றில் போய் நின்றால் பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டு விறைக்கும். அப்புறம் மூன்று நாள் காய்ச்சல். ஆகவே பாதி மலையில், செக்போஸ்ட் சுவருக்குப் பின்னால், பல் கிட்டக் கிட்டச் சட்டையைக் கழற்றிக் காய்ந்த பனியனுக்கு மாறுவார். இருபத்திரண்டு வருஷமாக மாதம் இரண்டு தடவை இதே கதை. "ஒரே நாள்ல கோடையும் குளிரும் பாக்குறேன். எனக்கு மட்டும் வயசு ரெண்டு மடங்கா ஏறுது தம்பி" என்பார். சிரிக்கச் சொன்னதில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் கணக்கு சரியாகத்தான் இருக்கும்.

நான் அரசு மருந்துக் கிடங்கின் பொறுப்பாளன். பொறுப்பாளன் என்றால் ஒரு நாற்காலி, ஒரு சாவிக்கொத்து, இரண்டு ஃப்ரீசர், ஒரு பெரிய ஃப்ரிட்ஜ், எல்லாவற்றுக்கும் மேலே மூக்கு நுனியில் கோபம். தடுப்பூசி மருந்தைக் கீழிருந்து கொடுத்து அனுப்புவது என் வேலை. அதைக் கெடாமல் மேலே கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. அவருக்குப் பதிவேட்டில் ஒரு பெயர் உண்டு. ஆனால் நர்ஸ் முதல் பஸ் கண்டக்டர் வரை எல்லாருக்கும் அவர் பெட்டி அண்ணன்தான். தோளில் அந்த நீலப் பெட்டி இல்லாமல் அவரைக் கண்டால் யாரோ என்று தாண்டிப் போய்விடுவார்கள். நானே ஒரு முறை கடைத்தெருவில் அப்படித் தாண்டிப் போயிருக்கிறேன்.

மேலே உள்ள கிளினிக்குக்குப் பாதை உண்டு, வண்டி கிடையாது. ஜீப்புக்கு டயர் வந்தபோது டிரைவர் மாற்றலாகிப் போனார். டிரைவர் வந்தபோது பேட்டரி செத்திருந்தது. பஸ் செக்போஸ்ட் வரைதான் போகும். அதற்கப்புறம் ஒரு பாலம், பாரம் தாங்காது என்று பலகை வைத்து ஒன்பது வருஷம் ஆகிறது. அதற்கு முன்பு பாலமே கிடையாது, ஓடைக்குள் இறங்கி ஏறினார்கள். ஆகவே சைக்கிளைப் பஸ் கூரையில் கட்டிவிட்டு, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் வேகும் பஸ்ஸில் உட்கார்ந்து போவார். அப்புறம் பதினான்கு கிலோமீட்டர் சைக்கிள். அதில் பாதி மிதிப்பது, மீதி தள்ளுவது. கீழே வெயிலில் டியூப் வெடிக்கும். மேலே போனால் அதே டியூப் குளிரில் சுருங்கித் தொய்ந்துவிடும். பிரேக் கம்பி விறைக்கும். கீழே மூக்கில் ரத்தம் வரும், மேலே உதடு வெடித்து ரத்தம் வரும். எங்கேயாவது ஒரு இடத்தில் ரத்தம் வராமல் இருக்கிறதா என்று ஒருநாள் கேட்டேன். "செக்போஸ்ட்ல வராது. அங்கதான் பத்து நிமிஷம் மனுஷனா இருப்பேன்" என்றார்.

அவருடைய மனைவி ஒரு சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறார். நாள் முழுக்கச் சூட்டில் நிற்கிறவர். வீட்டில் ஒருவர் ஆவியில் வேக, இன்னொருவர் காற்றில் விறைக்க, இரண்டு பேரும் சாயங்காலம் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து ஒருவர் காலை ஒருவர் பிடித்துவிடுவார்கள். பிள்ளை இல்லை. அதை ஒரு குறையாக இருவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் அவர் ஐஸ் பேக்டரியில் பாளம் தூக்கியவர். அதனால்தான் அந்தக் காலத்து அதிகாரி அவரைத் தேர்ந்தெடுத்தார். ஐஸைப் பற்றித் தெரிந்தவன் குளிர்ப்பெட்டிக்குப் பொருத்தம் என்று அவர் கணக்கு. பெட்டியின் நாலு சுவரிலும் தண்ணீர் அடைத்து உறையவைத்த நாலு பிளாஸ்டிக் ஐஸ் பேக், நடுவில் மருந்துப் புட்டிகள். ஐஸ் எவ்வளவு இறுகலோ அவ்வளவு நல்லது என்பது பேக்டரிப் பாடம். தரையில் தட்டினால் கல் மாதிரி 'ணங்' என்று சத்தம் வர வேண்டும், அப்படி வராத பேக்கை அவர் திருப்பிக் கொடுத்துவிடுவார் என்று எனக்கு முன்னால் இங்கே இருந்தவர் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

ஆறு வருஷத்துக்கு முன் பயிற்சி வகுப்பு எடுக்க ஒரு டாக்டரம்மா வந்தார். நாங்கள் எல்லாரும் வெயிலுக்கு ஒதுங்கவும் பிஸ்கட்டுக்கும்தான் போனோம். அந்த அம்மா, தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி மூன்றுக்கும் போடும் முத்தடுப்பு மருந்துப் புட்டியைக் காட்டிச் சொன்னார்: சூடு இதை மெல்ல மெல்லக் கெடுக்கும், ஆனால் ஒரே ஒரு தடவை உறைந்துவிட்டால் அவ்வளவுதான், மறுபடி உருகினாலும் அது வெறும் வெள்ளைத் தண்ணீர். ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை நேரே பெட்டியில் வைக்கவே கூடாது. வெளியே மேஜைமேல் வைத்து, அது வியர்த்து, காதருகே குலுக்கினால் உள்ளே 'சலக்' என்று தண்ணீர் அசையும் வரை காத்திருக்க வேண்டும். கேட்டுவிட்டு எல்லாரும் டீ குடிக்கப் போனோம். பெட்டி அண்ணன் மட்டும் கடைசி பெஞ்சில் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாப்பிடவில்லை. கூப்பிட்டபோது, பசி இல்லை என்றார்.

அன்றிலிருந்து ஐஸ் வியர்க்காமல் அவர் கிடங்கை விட்டு நகர்ந்ததில்லை. பேக்குகளை மேஜையில் பரப்பிவிட்டு, சுவரோரம் ஸ்டூலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். இருபது நிமிஷம், அரை மணி. எனக்குப் பொறுமை இருக்காது. "அண்ணே, போதும்ணே" என்பேன். கண்ணைத் திறக்காமலே "இன்னும் சத்தம் வரல தம்பி" என்பார்.

இனி நான் சொல்லப்போவது என் யோக்கியதை.

போன வசந்தத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்து கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் ஃப்ரீசரை மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தது. மின்விசிறி இல்லாத அறையில் நான் வெந்துகொண்டிருந்தேன். பெட்டி அண்ணன் வீட்டிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் மிதித்து வருபவர். வழியில் டியூப் வெடித்து, ஒட்டி, மறுபடி வெடித்து, மீதியைத் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தார். பத்தே முக்கால். முகம் செங்கல் மாதிரி. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். பதினோரு மணிக்குப் பஸ்.

மேலே அந்த முறை காத்திருந்தது நாற்பத்தொரு குழந்தைகள். மலைக்கு மேலே இருப்பவர்கள் வருஷா வருஷம் ஆறு மாதம் செங்கல் சூளை வேலைக்குப் போகிறவர்கள். வெள்ளிக்கிழமை காலையில் லாரி வந்து எல்லாரையும் ஏற்றிக்கொண்டு நாலு திசைக்கும் போய்விடும். அதற்குள் ஊசி போடாவிட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு இந்த வருஷம் ஊசி இல்லை.

நான் ஃப்ரீசரைத் திறந்து நாலு ஐஸ் பேக்கை எடுத்து நேரே பெட்டிக்குள் சொருகி, புட்டிகளை வைத்து மூடியைப் போட்டுவிட்டேன். பெட்டி அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தம்பி, வியர்க்கலையே."

"நீங்களே இப்படி வியர்த்து ஊத்துறீங்க, இந்த வெயில்ல அது வியர்க்காதா? வழியில வியர்த்துக்கும்ணே. பஸ் போயிடும், கிளம்புங்க."

என் நகைச்சுவையை நானே ரசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெயில் அப்படி இருந்தால் மனசு சூட்டுக்குத்தான் பயப்படும், குளிருக்குப் பயப்படாது. நாங்கள் எல்லாரும் செய்யும் தப்பு இதுதான். ஆனால் பெட்டி, வெளிச்சூட்டை உள்ளே விடாது. அதற்குத்தான் அது பெட்டி. உள்ளே இருக்கும் ஐஸுக்கு வெயில் தெரியாது. அதன் குளிரெல்லாம் பக்கத்தில் இருக்கும் புட்டிக்குத்தான் போகும். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தவன் செய்தது அது. அவர் ஒரு நொடி நின்றார், கடிகாரத்தைப் பார்த்தார், பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார்.

அப்புறம் நடந்ததை அவரும் நர்ஸும் சொல்லித் தெரிந்துகொண்டேன். பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக் காதை அதன்மேல் வைத்துக்கொண்டே போயிருக்கிறார். பக்கத்தில் இருந்தவர், "உள்ள என்ன ரேடியோவா?" என்று கேட்டாராம். இரண்டு மணி நேரம் வரை உள்ளே ஒரு அசைவும் இல்லை. செக்போஸ்ட்டை நெருங்கும்போதுதான் முதல் 'சலக்' கேட்டது. ஆறு மணிக்குக் கிளினிக்கில் சேர்த்துவிட்டு, எதுவும் சாப்பிடாமல் பெஞ்சில் படுத்துவிட்டார். மருந்து உறைந்திருக்கும் என்று நர்ஸிடம் சொல்லவில்லை. "சொல்லியிருக்கணும். உடம்பு வரல தம்பி. சொன்னா மறுபடி இறங்கி மறுபடி ஏறணும்ல" என்றார் என்னிடம். அதைவிட உண்மையான வாக்கியத்தை நான் ஒரு மனிதர் வாயிலிருந்து கேட்டதில்லை.

புதன் காலையில் நாற்பத்தொரு தாய்மார்களும் வந்துவிட்டார்கள். சிலர் இரண்டு மணி நேரம் நடந்து வந்தவர்கள். நர்ஸ் முதல் குழந்தையின் தொடையைப் பஞ்சால் துடைத்து ஊசியில் மருந்தை ஏற்றும்போது, பெட்டி அண்ணன் மூலையிலிருந்து எழுந்து வந்தார்.

"சிஸ்டர், போடாதீங்க. அது உறைஞ்சிருக்கும்."

"என்னண்ணே சொல்றீங்க? நல்லாத்தானே இருக்கு?"

"பாத்தா நல்லாத்தான் இருக்கும். குலுக்கிப் பாருங்க."

நர்ஸிடம் போன தடவை மீந்த, தேதி முடிந்தாலும் உறையாத புட்டி ஒன்று இருந்தது. அதையும் இதையும் சேர்த்துக் குலுக்கி ஜன்னலோரம் வைத்தார். பழையது மோர் மாதிரி கலங்கலாகவே நின்றது. புதியதில் கொஞ்ச நேரத்துக்குள் மேலே தெளிந்து, அடியில் துகள் துகளாய்ப் படிந்துவிட்டது. ஒரு புட்டி இல்லை, ஏழு புட்டியும். நர்ஸ் ஊசியை வைத்துவிட்டு, மருந்து கெட்டுவிட்டது என்று தாய்மார்களிடம் சொன்னாராம். அப்புறம் தாய்மார்கள் பேசினார்கள். என்னென்ன சொன்னார்கள் என்று நர்ஸ் என்னிடம் சொல்ல மறுத்துவிட்டார்.

அன்றே இறங்கிவிட்டார். ஏறும்போது உடம்பு உழைக்கும், சூடு இருக்கும். இறங்கும்போது உடம்புக்கு வேலை இல்லை, காற்று மட்டும்தான், அதுதான் கொடுமை என்பார் எப்போதும். புதன் மூன்று மணிக்கு என் கிடங்கு வாசலில், தார் உருகும் வெயிலில், தலையில் மஃப்ளரோடு நின்றார். கழற்ற மறந்துவிட்டார் என்று நினைத்தேன். மறக்கவில்லை. அந்த வெயிலிலும் அவருக்கு நடுங்கிக்கொண்டிருந்தது.

"மருந்து உறைஞ்சு போச்சு தம்பி."

எனக்கு வாயில் முதலில் வந்தது என்ன தெரியுமா? "நான் என்ன பண்றது, கரண்ட் இல்ல, நீங்க லேட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு..." என்று கடகடவென்று கொட்டினேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என்னுடையது குறுகுறுக்கவில்லை, சத்தம் போட்டது.

"உங்கள யாரு சொன்னா? நாளைக்குப் பஸ்ஸுக்கு வேற மருந்து எடுத்து வைங்க. வெள்ளிக்கிழமை லாரி ஏறிடுவாங்க" என்று சொல்லிவிட்டு, நர்ஸ் கொடுத்த அறிக்கையை மேஜையில் வைத்தார். காரணம் என்ற இடத்தில் 'எடுத்து வந்தவரின் கவனக்குறைவு' என்று இருந்தது. அப்படி எழுதச் சொன்னவர் அவர்தான். நான் அதைத் திருத்தியிருக்க வேண்டும். பேனா சட்டைப் பையில்தான் இருந்தது. மடித்து ஃபைலில் வைத்தேன்.

வியாழக்கிழமை காலையில் அவரோடு அவர் மனைவியும் வந்தார். சலவைக்கடைக்குப் போகவில்லை. கையில் இஸ்திரிச் சூட்டின் பழைய வடுக்கள். என்னைப் பார்த்து நேரே கேட்டார்:

"இவரு ராத்திரி பூரா ஒரு நிமிஷம் குளிருதுங்கறாரு, ஒரு நிமிஷம் வேகுதுங்கறாரு. நாங்க ரெண்டு பேரு இருக்குற வீட்டுல ஒருத்தர் இல்லாமப் போனா மிச்சம் என்ன இருக்கு? வேற ஆளு இல்லையா?"

"ஆள் இல்லம்மா."

"நீங்க ஆள் இல்லையா?"

"நானும் கூடப் போறேன்" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. கடைசியாகச் சைக்கிள் மிதித்தபோது எனக்கு மீசை முளைத்திருக்கவில்லை. காவலாளியின் சைக்கிளை இரவல் வாங்கினேன்.

நாலு ஐஸ் பேக்கை மேஜையில் வைத்துவிட்டு மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் வெள்ளைப் பூஞ்சை மாதிரி பனி படர்ந்தது. அப்புறம் அது கரைந்து, மேலே முத்து முத்தாய் நீர் கட்டியது. அவர் மனைவி ஒன்றை எடுத்துக் காதருகே குலுக்கிப் பார்த்தார். இத்தனை வருஷமாகக் கணவர் எதற்காகக் காத்திருக்கிறாரோ, அந்தச் சத்தத்தை அன்றுதான் அவர் காதால் கேட்டார். "இப்பத்தான் பேசுது" என்று சொல்லிக் கணவர் கையில் கொடுத்தார். இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. பஸ் எங்களுக்காகப் பத்து நிமிஷம் நின்றது. செவ்வாய்க்கிழமை கேட்டிருந்தால் அன்றும் நின்றிருக்கும். கேட்கவில்லை.

அந்தப் பயணத்தைப் பற்றி நான் வீரமாக ஒன்றும் சொல்லப் போவதில்லை. பஸ்ஸின் இரும்புச் சீட்டில் தொடை வெந்தது. தண்ணீர்ப் பாட்டில் டீ மாதிரி இருந்தது. வளைவுக்கு வளைவு சூடு ஒரு சட்டையைக் கழற்றுவதுபோல் கழன்றுகொண்டே வந்தது. செக்போஸ்ட்டில் இறங்கியபோது, ஆகா, நல்ல காற்று என்று நான் கையை விரித்து நின்றேன். பெட்டி அண்ணன் என் முதுகைத் தொட்டுப் பார்த்தார்.

"மாத்து பனியன் எங்க தம்பி?"

கொண்டு வரவில்லை. இத்தனை வருஷம் அவர் பனியன் கதையைக் கேட்டுச் சிரித்தவன் எனக்கென்று ஒன்று எடுத்து வைக்கவில்லை. அவர் பாலிதீன் பையைப் பிரித்துத் தன் காய்ந்த பனியனை என்னிடம் கொடுத்தார். வேண்டாம் என்றேன். "போடுங்க. நீங்க விழுந்தா உங்களையும் சேத்துத் தூக்க எனக்குத் தெம்பில்ல" என்றார். அவர் பழைய செய்தித்தாளை நாலாக மடித்து ஈரப் பனியனுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் சொருகிக்கொண்டார். நான் போட்டுக்கொண்டேன். அந்தக் கதகதப்பு எனக்குச் சுகமாகத்தான் இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

முதல் மூன்று கிலோமீட்டரில் என் மூச்சு போய்விட்டது. அப்புறம் தள்ளுவதுதான். ஒன்பதாவது கிலோமீட்டரில் மழையும் இல்லாமல் பனியும் இல்லாமல் நடுவாந்திரமாக ஒன்று பக்கவாட்டில் அடித்தது. விரல்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. அடைத்து வைத்த கடைவாய்ப் பல் ஒன்று தனியாக வலித்தது. காலையில் இதே உடம்புதான் வெயில் தாங்காமல் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டது என்பதை என்னால் நம்ப முடியவில்லை. பெட்டி அண்ணன் குனிந்து, ஒரே வேகத்தில், பேசாமல் மிதித்தார். ஒவ்வொரு வளைவிலும் நின்று எனக்காகக் காத்திருந்தார். அவர் காத்திருக்கும்போதெல்லாம் பெட்டியைத் தன் நெஞ்சோடு இழுத்து அணைத்துக்கொண்டார். இப்போது வெளிக்குளிரும் மருந்துக்கு எதிரி.

கணவாயில் சாலைப் பணியாளர்களின் கொட்டகை ஒன்று உண்டு, கதவு இல்லாதது. அதில் ஒதுங்கினோம். சுவரில் தொங்கிய வெப்பமானியில் பூஜ்யம். அவருக்கு இருமல் வந்து அடங்க வெகுநேரம் ஆனது.

"அண்ணே, ஒருவேளை அன்னைக்கு நீங்க சொல்லாம விட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது" என்றேன். ஆறுதலாகச் சொன்னேனா, சோதித்தேனா, எனக்கே தெரியவில்லை.

"அதான் தம்பி விஷயம். யாருக்கும் தெரியாது." செய்தித்தாளைச் சரிசெய்துகொண்டார். "அந்த டாக்டரம்மா சொல்றதுக்கு முந்தி பதினாறு வருஷம் கல்லு மாதிரி ஐஸ் வெச்சுக் கொண்டு வந்தேன். தட்டிப் பாத்து, கல்லு மாதிரி இல்லன்னா சண்டை போட்டு மாத்தி வாங்குவேன். யாருக்குத் தெரிஞ்சுது?"

எனக்கு அப்போதுதான் அந்தச் சாப்பிடாத பிஸ்கட் புரிந்தது. "அது உங்க தப்பில்லண்ணே. அன்னைக்கு யாருமே சொல்லித் தரல. விடுங்க" என்றேன். விடுங்க என்று சொல்வது எவ்வளவு சுலபம். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். "இருட்டறதுக்குள்ள போகணும்" என்றார்.

ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். கிளினிக் என்பது இரண்டு அறை. ஒன்றில் மேஜை, பெஞ்சு, எடை பார்க்கும் தராசு. மற்றதில் நர்ஸ் குடியிருக்கிறார். இருபத்தொன்பது பேர் காத்திருந்தார்கள். பன்னிரண்டு குடும்பங்களை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி ஒரு நாள் முன்னதாகவே, மத்தியானமே, போய்விட்டதாம். நர்ஸ் அந்தப் பன்னிரண்டு பெயரையும் தாளில் தனியாக எழுதி வைத்திருந்தார். பெட்டி அண்ணன் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"யாருய்யா அன்னைக்கு மருந்தைக் கெடுத்தது?" என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் கேட்டார், பேரப்பிள்ளையைத் தூக்கி வந்தவர்.

"நான்தான்" என்றார் பெட்டி அண்ணன்.

நான் அவர் பனியனைப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது எப்படி என்று என்னிடம் கேளுங்கள். மறைப்பவன் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, சும்மா நின்றால் போதும்.

நர்ஸ் புட்டியைக் குலுக்கி எல்லாருக்கும் தெரியும்படி விளக்கில் காட்டினார். கலங்கலாக நின்றது. "நல்ல மருந்து. வாங்க, யாரு முதல்ல?" என்றார்.

முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஏழெட்டு மாதக் குழந்தை. அவள் எழவில்லை. கோபமாகவும் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்பவள் போலக் கேட்டாள்.

"அன்னைக்குக் கெட்டுப்போச்சுன்னு சொன்னீங்க, சரி. அதுக்கு முன்னாடி எத்தனை தடவை கெட்டுப்போன மருந்து வந்துச்சு?"

"அப்படியெல்லாம் இல்லம்மா..." என்று நர்ஸ் ஆரம்பித்தார். பெட்டி அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தெரியாதும்மா. ஆறு வருஷம் முந்தி வரைக்கும் ஐஸை எப்படி வெக்கணும்னே எனக்குத் தெரியாது. இறுகலா இருந்தா நல்லதுன்னு நெனச்சேன். பதினாறு வருஷம் அப்படித்தான் கொண்டு வந்தேன். சிலது நல்லா இருந்திருக்கும். சிலது இருந்திருக்காது. எது எதுன்னு இப்பச் சொல்ல முடியாது."

அவள் குழந்தையை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்துக்கொண்டாள்.

"எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா" என்றாள் அவள். "இங்கதான் மூணு ஊசியும் போட்டாங்க. எங்கம்மா ஒண்ணுகூடத் தவறவிடல. ரெண்டு வயசுல கக்குவான் வந்துச்சு. இருமி இருமியே போயிட்டா. ஊசி போட்டும் போச்சேன்னு எங்கம்மா சாகற வரைக்கும் சொல்லிட்டே இருந்தாங்க."

"எந்த வருஷம்மா?"

"எனக்கு அப்ப அஞ்சு வயசு. இப்ப இருபத்திநாலு."

கழித்துப் பார்க்க எனக்கு இரண்டு நொடி ஆனது. பெட்டி அண்ணனுக்கு ஆகவில்லை. அவர் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருஷம்.

"ஊசி போட்டும் சில பிள்ளைங்களுக்கு வரும்ணே. அது மருந்தாலதான்னு சொல்ல முடியாது" என்றார் நர்ஸ், மெதுவாக.

"இருக்கலாம் சிஸ்டர்" என்றார் அவர்.

மன்னித்துக்கொள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் அந்தப் பெண் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும் என்பதற்காகவே கேட்கவில்லை என்று நினைக்கிறேன். அவர் நின்ற இடத்தில் நின்றார். மஃப்ளரிலிருந்து தண்ணீர் சொட்டியது.

அந்தப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். கதவுப் பக்கம் போகப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். மேஜைக்கு வந்தாள்.

"ஊசி குத்தறத என்னால பாக்க முடியாது" என்று சொல்லி, குழந்தையை அவரிடம் நீட்டினாள். "நீங்க பிடிச்சுக்கோங்க."

அவர் சட்டென்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "வேணாம்மா. கை ஐஸா இருக்கு. பிள்ளை பயந்துரும்."

"சூடாகட்டும், நிக்கிறேன்" என்றாள் அவள்.

அவர் இரண்டு கையையும் அக்குளில் சொருகிக்கொண்டு நின்றார். அவள் குழந்தையோடு அவருக்கு எதிரே நின்றாள். பின்னால் இருந்த இருபத்தெட்டுப் பேரில் ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

அப்புறம் அவர் கையை வெளியே எடுத்து, தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, குழந்தையை வாங்கிக்கொண்டார்.